புழுவின் சேமிப்பும் சங்கத்தின் சேமிப்பும்

முத்தியால்பேட்டையில் அங்கத்தினர் கல்வி வகுப்பு ஒன்றை அண்மையில் நடத்தினோம். நெசவாளர் பலரும், பாகூர்ப் பக்கத்துப் பயிர்த்தொழிலாளர் சிலரும் வந்திருந்தனர். பட்டு நூலின் விலையைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் எழுந்தார். “இன்ஸ்பெக்டர் ஐயா, கூட்டிலிருந்து நூலை எடுத்துவிடுகிறார்கள். அது பாவாகவும் ஊடையாகவும் எங்கள் தறிக்கு வந்து சேருகிறது. உள்ளே இருந்த புழு என்ன ஆகிறது? அதற்கு ஒரு விலையும் கிடையாதா?” என்று கேட்டார். சிலர் நகைத்தனர். நகைப்பு அடங்குவதற்குள் பாகூர்ப் பக்கத்து அன்பர் ஒருவர், “பட்டுப்புழு இருக்கட்டும் ஐயா. எங்கள் மல்லாட்டையை மொட்டையடிக்கிற கம்பளிப்பூச்சி, மழை ஓய்ந்தால் மண்ணுக்குள் போய்விடுகிறது. அடுத்த ஆடியில் திரும்ப வருகிறது. பத்து மாதம் மண்ணுக்குள் எதைத் தின்று உயிர் வைத்திருக்கிறது?” என்றார்.

இரண்டு கேள்விகளும் வெவ்வேறு தொழிலைச் சேர்ந்தவை போலத் தோன்றும். ஆனால் இரண்டிற்கும் விடை ஒன்றே. புழு தன் இளம்பருவத்தில் உண்டு, கொழுப்பாகச் சேர்த்துவைத்த முதலே அவ்விரண்டிற்கும் விடையாகும். அன்று நேரம் போதாமையால் சுருக்கமாகவே மறுமொழி கூறினோம். வினவியவர்கள் இருவரும் முழு விடைக்கு உரியவர்கள் ஆதலின், அதனை இவ்விதழ் வாயிலாக விரித்துக் கூற முற்படுகின்றோம். அதனோடு, நம் சங்கங்கள் செய்யத் தவறிவரும் மூன்று காரியங்களைப் பற்றி நமது அபிப்பிராயத்தையும் வெளியிட விரும்புகின்றோம்.

நெசவும் எண்ணெய் வித்தும் புதுவைக்குப் புதியன அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுவைத் தறிகளில் நெய்து நீலச்சாயம் தோய்த்த ‘கினே’ துணி, கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்துறைமுகத்திலிருந்து மணிலாக்கொட்டை மூட்டை மூட்டையாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. அக்கொட்டையின் பெயரே திரிந்து ‘மல்லாட்டை’ என்று நம் மக்கள் நாவில் இன்றும் வழங்கிவருகிறது. நெய்பவனும் பயிரிடுபவனும் ஒரே ஊரில் வாழ்ந்தும், ஒருவர் தொழிலை மற்றொருவர் அறியாதிருப்பது நமக்குள்ள குறை. பூச்சியைப் பற்றிய இச்சிறு அறிவு அவ்விருவரையும் ஒரே பாயில் அமர்த்தக்கூடியது.

பூச்சியின் வாழ்க்கை நான்கு நிலைகளை உடையது: முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து. பட்டுப்புழுவிற்கும் கம்பளிப்பூச்சிக்கும் இந்நான்கும் உண்டு. இவற்றுள் வயிறார உண்பது புழு ஒன்றே. முட்டைக்குள் இருக்கும் கருவிற்கு வாய்த் தொழில் இல்லை. கூட்டுப்புழுவோ வாய் திறவாது கிடக்கிறது. பட்டு அந்திற்கு உண்ணத்தக்க வாயுறுப்பே வளர்ச்சியடைவதில்லை. பிறந்து, கூடி, முட்டையிட்டு, சில நாட்களில் மடிகிறது. ஆகவே நான்கு நிலைகளுக்கும் வேண்டிய செலவை ஒரு நிலையே சம்பாதித்தாக வேண்டும். ஒருவன் உழைத்து நால்வர் உண்ணும் குடும்பத்தை நாம் அறிவோம். புழுவின் நிலை அத்தகையது.

அச்சம்பாத்தியம் எவ்வாறு நடைபெறுகிறது? இலையில் கொழுப்பு சிறிதளவே உண்டு. நமக்குள்ள பித்தநீர் பூச்சிக்கு இல்லை. எனினும் அதன் நடுக்குடலில் சுரக்கும் நொதிகள் கொழுப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்துவிடுகின்றன. குடற்சுவர் அக்கூறுகளை உறிஞ்சி, மீண்டும் ஒருவாறு பிணைத்து, இரத்தத்தில் சேர்க்கிறது. எண்ணெய் நீரில் கரையாது என்பதை நாம் அறிவோம். ஆகவே அதைச் சுமந்துசெல்ல ஒரு வாகனம் வேண்டும். லிப்போபோரின் என்னும் புரதம் அப்பணியைச் செய்கிறது. நம் உடலில் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் சரக்கோடு தாமும் உட்கொள்ளப்பட்டு அழிகின்றன. பூச்சியின் லிப்போபோரினோ, தறியில் நாடா இப்புறமும் அப்புறமும் போய்வருவதுபோல, சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிவந்து மறுபடியும் ஏற்றிக்கொள்கிறது. அச்சரக்கு சென்று சேரும் இடம் ‘கொழுப்புறுப்பு’ எனப்படும் வெண்ணிறத் திசு. நமக்குக் கல்லீரல் செய்யும் வேலையையும் கொழுப்பு செய்யும் வேலையையும் அஃதொன்றே செய்கிறது. வரும் கொழுப்பைச் சேமிப்பதோடு நில்லாமல், இலையின் சர்க்கரைச் சத்தையும் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது.

ஏன் கொழுப்பாக மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கிராம் சர்க்கரை ஏறக்குறைய 4 கலோரி வெப்பம் தரும்; ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். அன்றியும் ஒரு கிராம் கொழுப்பு உடலில் எரிந்தால் ஒரு கிராமிற்குச் சற்று மேற்பட்ட நீரும் உண்டாகிறது. குறைந்த இடத்தில் மிகுந்த செல்வமும், தாகத்திற்கு நீரும் ஒருங்கே கிடைக்கின்றன. வறண்ட மண்ணில் பத்து மாதம் கிடக்கும் உயிருக்கு இதனினும் சிறந்த கட்டுச்சோறு கிடையாது.

ஆயினும் பூச்சியால் தானே செய்துகொள்ள இயலாத பொருள்கள் சில உள்ளன. அவை உணவிலேயே வந்தாக வேண்டும். முதலாவது, கொலஸ்ட்ரால் வகையைச் சேர்ந்த ஸ்டெரால் என்னும் பொருள். நம் உடல் அதனைத் தானே செய்துகொள்ளும், பூச்சியால் இயலாது. ஹாப்சன் என்பவர் 1935இல் ஈயின் புழுக்களை ஆராய்ந்து, அப்பொருள் இல்லாத உணவில் அவை வளர்வதில்லை என்று காட்டினார். இலை தின்னும் புழுக்கள் இலையிலுள்ள ஸ்டெராலை உண்டு, அதனைக் கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கின்றன. அது எதற்கு? புழு வளர வளரத் தன் சட்டையை உரிக்க வேண்டும். சட்டையை உரிக்கச் சொல்லும் ஹார்மோன் அக்கொலஸ்ட்ராலிலிருந்தே ஆக்கப்படுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த பியூட்டெனாண்டும் கார்ல்சனும் 1954இல் இந்த ஹார்மோனை முதன்முதலாகப் பிரித்தெடுத்து, எக்டைசோன் என்று பெயர் பெற்ற அப்பொருளை உலகுக்குக் காட்டினர். அதற்கு அவர்கள் கையாண்ட மூலப்பொருள் வேறன்று. பட்டுக்கூட்டின் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவே. 500 கிலோ கூட்டுப்புழுவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். நம் புதுவை இந்தியாவுடன் இணைந்த அதே ஆண்டில், நம் முதியவர் கேட்ட ‘உள்ளிருக்கும் புழு’ அறிவுலகில் இத்தகைய பெருமை எய்திற்று.

இரண்டாவது, லினோலெயிக், லினோலெனிக் என்னும் கொழுப்பு அமிலங்கள். பிரேங்கெல், பிளூவெட் என்னும் இரு ஆராய்ச்சியாளர் மாவில் வாழும் அந்துப்பூச்சியைக் கொண்டு செய்த சோதனையை 1946இல் வெளியிட்டனர். லினோலெயிக் அமிலம் இல்லாத உணவில் புழு ஒருவாறு வளர்ந்தது, கூட்டுப்புழுவும் ஆயிற்று. ஆனால் அந்தாக வெளிவரும்போது சிறகில் செதிள் நில்லாது பழுதுற்றது. இந்தச் சோதனையை நம் அங்கத்தினர்கள் ஊன்றி நோக்க வேண்டும். இளமையில் நேர்ந்த குறை இளமையில் தெரியவில்லை. அடுத்த நிலையிலும் தெரியவில்லை. சிறகு வேண்டிய நாளில்தான் தெரிந்தது. அப்போது திருத்துவதற்கு வழியில்லை. ஏனெனில் உண்ணும் பருவம் முடிந்துவிட்டது.

இனிப் பட்டுப்புழுவிற்கு வருவோம். முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் கூடு கட்டும் நாள் வரை சுமார் 25 நாட்கள். அதற்குள் நான்கு முறை சட்டை உரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. பிறந்தபோது இருந்த எடையைப் போல் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு பெருகுகிறது. மொத்தம் தின்னும் மல்பெரி இலையில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் ஐந்தாம் பருவம் ஒன்றிலேயே, ஏழெட்டு நாட்களில் தின்றுவிடுகிறது. பட்டு என்பது புரதம், கொழுப்பன்று. ஆயினும் நூலுக்கு வேண்டிய புரதமும், அந்து நிலைக்கு வேண்டிய கொழுப்பும் அந்த ஏழெட்டு நாட்களிலேயே பெரும்பாலும் சேருகின்றன. கூட்டினுள் புகுந்தபின் பத்துப் பன்னிரண்டு நாட்களில் பழைய உடல் கலைந்து புதிய உடல் எழுகிறது. அந்தப் பணிக்கு உரிய செலவை ஏற்பது சேமித்த கொழுப்பாகும். பின்னர்ப் பெண் அந்து நானூறு ஐந்நூறு முட்டைகளிட்டால், ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பங்கு கொழுப்பை வைத்தே இடுகிறது. ஆணை அழைக்க அது வெளிப்படுத்தும் மணப்பொருளும் கொழுப்பு அமிலம் ஒன்றிலிருந்து ஆக்கப்படுவதே. அந்தாய் வாழும் சில நாளும், அடுத்த தலைமுறையின் முதல் மூச்சும் புழுப் பருவத்து வைப்பிலிருந்து நடைபெறுகின்றன.

இதிலிருந்து நாம் கூற விரும்பும் முதற் காரியம் பின்வருமாறு. மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் அங்கத்தினர்களிடம் ஒரு பழக்கத்தைக் கண்டிருக்கின்றோம். இளம்புழுவிற்குக் கொழுந்திலை தேடித்தேடி இடுகிறார்கள். கடைசி வாரத்தில் இலை தட்டுப்படும்போது, முற்றிப் பழுத்த இலையையும் வாடிய இலையையும் இட்டு நாளைக் கழிக்கிறார்கள். ‘கூடு கட்டத்தானே போகிறது’ என்று நினைக்கிறார்கள். இது பெரும் பிழை. கடைசி வாரத்தில் ஒரு வேளை இலை குறைந்தால் கூடு இலேசாகும். நூல் இழுக்கும்போது அடிக்கடி அறும். விதைக்கூட்டிற்காக வளர்ப்பவர்களாயின் முட்டையும் குறையும். அறுந்த நூலை முடிந்து முடிந்து கண் நோவது யார்? முத்தியால்பேட்டையிலோ காஞ்சியிலோ தறியில் உட்கார்ந்திருக்கும் மற்றோர் அங்கத்தினரே.

ஆனால் பழி முழுவதையும் புழு வளர்ப்பவர் மேல் சுமத்துவது நியாயமன்று. கூட்டின் தரம் பாராது எல்லாவற்றிற்கும் ஒரே விலை இடும் இடத்தில், நல்ல இலைக்குச் செலவு செய்தவனும் செய்யாதவனும் ஒரே வரும்படி பெறுகிறார்கள். அவ்வாறாயின் செலவு செய்ய யார் முன்வருவார்? ஆகவே கூடு வாங்கும் சங்கங்கள், ஓட்டின் எடையையும் நூலின் நீளத்தையும் சோதித்துத் தரவாரியாக விலை கொடுக்க வேண்டும். தரத்தின் விலை உயர்ந்தால் நூல் விலையும் ஏறும் என்று நெசவாளர் அஞ்சுகிறார்கள். அறுந்து வீணாகும் இழைக்கும், அதனால் இழக்கும் நாளுக்கும் கணக்கிட்டால், மலிந்த நூலே விலை மிகுந்தது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். இக்கணக்கை ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் ஒரு மாதத்திற்கேனும் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

இரண்டாவது காரியம், முதியவரின் கேள்வியைப் பற்றியது. உள்ளிருந்த புழுவிற்கு விலை உண்டா? உண்டு. கணக்கிட்டுக் காட்டுவோம். நல்ல வெண்பட்டு இனமாயின், ஒரு கிலோ பட்டு நூலுக்குச் சுமார் ஆறரை கிலோ பச்சைக்கூடு வேண்டும். பச்சைக்கூட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கூட்டுப்புழுவே. ஆகவே ஒரு கிலோ நூலுக்கு ஐந்து கிலோ கூட்டுப்புழு கழிகிறது. அதில் முக்கால் பங்கு நீர். உலர்த்தினால் ஒன்றேகால் கிலோ தேறும். உலர்ந்த கூட்டுப்புழுவில் நூற்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு எண்ணெய். அதாவது ஒரு கிலோ பட்டு நூல் உண்டாகும்போது, ஏறத்தாழ 300 கிராம் எண்ணெயும், புரதம் செறிந்த பிண்ணாக்கும் உடன் உண்டாகின்றன. அவ்வெண்ணெயில் லினோலெனிக் அமிலம் மிகுதி. புழு அதனைத் தானே உண்டாக்கவில்லை. மல்பெரி இலையிலிருந்து பெற்று வைத்தது. எண்ணெய் சோப்புத் தொழிலுக்கு உதவும். எண்ணெய் நீங்கிய பிண்ணாக்கு கோழிக்கும் மீனுக்கும் நல்ல தீனி. கொரியாவில் பட்டுக் கூட்டுப்புழுவை வேகவைத்து மக்களே உண்கிறார்கள். நம் நாட்டில் அசாமில் எரிப்பட்டின் கூட்டுப்புழு விருப்பமான உணவாகும்.

அவ்வாறிருக்க, நூல் இழுக்கும் இடங்கள் பலவற்றில் நாம் காண்பது என்ன? வெந்த கூட்டுப்புழு மூலையில் குவிந்து கிடக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டே கடக்க வேண்டியுள்ளது. யாரேனும் ஒரு வியாபாரி கூடையொன்றுக்கு ஏதோ கொடுத்து அள்ளிச் செல்கிறார். அதற்குப் பற்றுச்சீட்டு கேட்டால் சிரிக்கிறார்கள். நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், ஓராண்டு முழுவதும் கூட்டுப்புழு விற்ற வகையில் ஒரு காசும் வரவில் இல்லை. ‘அது கழிவுதானே’ என்பதே காரியதரிசியின் விடை. பேரேட்டில் ஏறாத பொருளைக் கழிவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதிலுள்ள எண்ணெய், தோட்டத்தில் இலை பறித்த பெண்களின் உழைப்பு அன்றோ?

இதற்குத் தடைகள் இல்லாமல் இல்லை. அந்த எண்ணெய் காற்றுப்பட்டால் விரைவில் கெட்டு நாற்றமெடுக்கும் இயல்பினது. நூல் இழுத்த அன்றே உலர்த்தினால்தான் பயன் உண்டு. சிறு சங்கம் ஒன்று தனித்து நின்று எண்ணெய் பிழியும் பொறி வைத்துக்கொள்ள இயலாது, வைத்துக்கொண்டால் நட்டப்படும். இதனை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கத்திலும் பொறி வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு சங்கத்திலும் உலர்களமும், தனிக் கணக்கும் வேண்டும் என்கின்றோம். உலர்ந்த சரக்கைப் பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, ஏல முறையில், பற்றுச்சீட்டுடன் விற்கலாம். வரும் தொகையைப் புழு வளர்ப்போருக்குக் கூட்டின் எடைக்கு ஏற்பப் பகிர்ந்தளிக்கலாம். தொகை சிறிதாகவே இருக்கலாம். ஆயினும் இலையின் மூன்றாவது விளைவிற்கும் தனக்கு உரிமை உண்டு என்று புழு வளர்ப்பவன் அறிந்துகொள்வான்.

மூன்றாவது காரியம் பாகூர்ப் பக்கத்து அன்பரின் கேள்வியிலிருந்து எழுவது. நிலக்கடலையின் சிவப்புக் கம்பளிப்பூச்சி பட்டுப்புழுவைப் போன்றே கொழுப்பைச் சேமிக்கிறது. ஆனால் அதன் சேமிப்பு நமக்கு நட்டம். வானம் பார்த்த செம்மண் நிலங்களில், ஆனி ஆடியில் நல்ல மழை பெய்தவுடன் மண்ணிலிருந்து அந்துகள் புறப்படுகின்றன. ஒரு பெண் அந்து நூற்றுக்கணக்கான முட்டைகளை இலையின் அடியில் கூட்டமாக இடுகிறது. புழுக்கள் ஒன்றரை மாதத்திற்குள் கொழுத்து வளர்ந்து, ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு, படை போல அடுத்த கொல்லைக்கு நடந்து செல்கின்றன. பிறகு வரப்போரத்திலும் மரத்தடியிலும் சாண் ஆழத்தில் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி உறங்குகின்றன. மூச்சும் செலவும் மிகச் சுருங்கி, சேமித்த கொழுப்பில் சிறிது சிறிதாக எடுத்து ஏறக்குறைய பத்து மாதம் உயிர் வைத்திருக்கின்றன. அன்பர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: அது மண்ணுக்குள் ஒன்றும் தின்பதில்லை, சென்ற ஆண்டு உங்கள் மல்லாட்டைச் செடியில் தின்றதையே செலவிடுகிறது.

இந்த வாழ்க்கை முறையை அறிந்தால் அதனை வெல்லும் வழியும் தெரியும். கொழுத்து முற்றிய புழுவின்மீது மருந்து தெளிப்பது பணத்தை மண்ணில் இறைப்பதற்கு ஒப்பாகும். முற்றிய புழு எளிதில் மடிவதில்லை. மடியும்போது பயிர் மிஞ்சியிருப்பதும் இல்லை. முன்னாளில் பி.எச்.சி. தூளை அள்ளித் தூவினர். கொழுப்பில் கரைந்து தங்கும் அந்நஞ்சு புழுவின் உடலில் மட்டுமின்றி மாட்டின் பாலிலும் மனிதர் உடலிலும் ஏறிற்று. அது 1997இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது நன்று. வெல்லும் காலம் மூன்று. கோடை மழைக்குப்பின் ஆழ உழுதால், உறங்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காய்ந்தும், காகத்திற்கும் மைனாவிற்கும் இரையாகியும் அழியும். மழை பெய்து அந்து புறப்படும் இரவுகளில் விளக்குப் பொறியும் சொக்கப்பனை போன்ற தீயும் அதனைக் கவர்ந்து அழிக்கும். முட்டைக் குவியலையும், ஒரே இலையில் கூடியிருக்கும் இளம்புழுவையும் கையால் பறித்து அழிக்கலாம். வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். வேம்பின் சத்து, நாம் முன்னர்க் கூறிய சட்டையுரிக்கும் ஹார்மோனின் வேலையைக் குலைத்துவிடுகிறது. முற்றிய புழு அடுத்த கொல்லையிலிருந்து நடந்து வராதபடி ஓர் அடி ஆழத்தில் பள்ளம் வெட்டித் தடுப்பதும் பழகிய முறையே.

இவை யாவும் வேளாண்மைத் துறையினர் பல்லாண்டுகளாகக் கூறிவருபவை. தெரியாத செய்தி அல்ல. பின் ஏன் நடைபெறவில்லை? நாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுகின்றோம். ஒரு கிராமத்துச் சங்கத்தின் மகாசபையில், கோடை உழவிற்குச் சங்கமே டிராக்டர் அமர்த்தி, கூலியை அறுவடையில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. “என் நிலத்தை நான் உழுதுகொள்வேன், பிறர் நிலத்திற்கு என் சங்கப் பணம் ஏன்?” என்று வசதியுள்ள சிலர் எதிர்த்தனர். “விளக்கு வைத்தால் ஊரார் கொல்லை அந்தெல்லாம் என் கொல்லைக்கு வந்துவிடும்” என்றார் மற்றொருவர். யோசனை விழுந்தது. எதிர்த்தவர்கள் சொன்னபடி தம் நிலத்தை நன்கு உழுதார்கள். ஆடியில், உழாத அண்டை நிலங்களிலிருந்து புறப்பட்ட அந்துகள் அவர்கள் கடலையிலும் முட்டையிட்டன. பின்னர் அவர்களுள் ஒருவர் நம்மிடம், “ஐயா, வேலிக்கு இப்பால் உழுதேன்; வேலிக்கு அப்பால் இருந்ததை மறந்தேன்” என்றார்.

விளக்கைப் பற்றிய அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தனியொருவன் வைக்கும் விளக்கு அவன் நிலத்தருகே அந்தைக் கூட்டத்தான் செய்யும். அதற்கு மருந்து விளக்கை அணைப்பது அன்று. ஊர் முழுவதும் ஒரே இரவில் ஏற்றுவது. ஒருவனால் ஆகாததும் நூறு பேரால் ஆகக்கூடியதுமான காரியம் எதுவோ அதற்காகவே கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. உரம் வாங்கிக் கொடுப்பதோடும் கடன் எழுதுவதோடும் சங்கத்தின் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணும் நிர்வாகிகள், தம் பைலாவை மீண்டும் ஒருமுறை படிப்பார்களாக. டிராக்டர் வாடகைக்குக் கூடச் சக்தியற்ற சிறு குடியானவன் நிலத்தை ஊரார் செலவில் உழுவது அவனுக்குச் செய்யும் தருமம் அன்று; தம் கடலைக்குத் தாம் இடும் காவல்.

இறுதியாக, நெசவாளர் அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். புழுவைக் காட்டி மனிதனுக்கு நீதி சொல்வது பழைய வழக்கம். அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை நாம் அறிவோம். புழு சேமிப்பது அதன் இயற்கை. தேர்ந்தெடுத்துச் செய்வதன்று. அதன் கூலியைக் குறைக்கும் முதலாளி யாரும் இல்லை. பண்டிகையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் அதற்கு இல்லை. நெசவாளன் கையில் கூலி தங்குவதில்லை என்றால், அதற்கு முதற் காரணம் கூலியின் குறைவே. சிக்கனத்தைப் பற்றிப் பேசும் எவரும் இதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் உண்ணும் பருவம் ஒன்று, உண்ணாப் பருவம் ஒன்று என்னும் விதி நெசவாளனுக்கும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் பாவு காயாது. குழித்தறியில் நீர் ஊறும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை புதுவையில் பெய்தது. குழித்தறிகள் குளமாயின. அப்போது நாம் இரு சங்கங்களின் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. ஒன்றில், தீபாவளிக்கு முன் சேமிப்பு நிதியைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிட்டிருந்தனர். அதைக் கேட்டு வற்புறுத்தியவர்கள் அங்கத்தினர்களே. புயலுக்குப்பின் அவர்களே வட்டிக்காரரிடம் சென்றனர். மற்றதில், ஒரு பங்கைத் தீபாவளிக்குக் கொடுத்து, மற்றொரு பங்கை மார்கழி வரையில் தொடுவதில்லை என்று மகாசபையிலேயே தீர்மானம் செய்திருந்தனர். அத்தீர்மானத்திற்காகக் காரியதரிசியை வசைபாடியவர்கள் பலர். புயலடித்த வாரத்தில் வீட்டிற்கு வீடு அத்தொகை போய்ச்சேர்ந்தபோது வசை நின்றது. தொகை பெரிதன்று; அரிசிக்கும் தறிக்குழியைச் செப்பனிடுவதற்கும் போதுமாக இருந்தது.

மாவந்தின் சிறகைப் பற்றிய சோதனையை மறுபடியும் நினைவூட்டுகின்றோம். குறை நேர்ந்த நாளில் அது தெரிவதில்லை. தெரியும் நாளில் திருத்த முடிவதில்லை. சேமிப்பு நிதியைக் கரைக்கும் தீர்மானங்களும் அவ்வாறே, கைதட்டலோடு நிறைவேறி, மழைநாளில் விலை கேட்கும். புழுவிற்கு ஒவ்வொன்றும் தனித்தனியே சேமிக்க வேண்டியுள்ளது. நமக்கோ, ஒருவர் தறி நின்றால் மற்றவர் சேமிப்பும் உதவும்படி சங்கம் இருக்கிறது. அந்த வசதியை நாம் பெற்றிருந்தும் பயன்படுத்தாதிருத்தல் தகாது.

ஆகவே வரப்போகும் மகாசபைகளில் அங்கத்தினர்கள் நான்கு தீர்மானங்களைக் கொண்டுவர வேண்டும் என்பது நமது வேண்டுகோள். கூட்டிற்குத் தரவாரியாக விலை கொடுத்தல் ஒன்று. கூட்டுப்புழுவிற்குத் தனிக் கணக்கு வைத்துப் பற்றுச்சீட்டுடன் விற்றல் இரண்டு. கோடை உழவையும் விளக்குப் பொறியையும் ஊர்க்காரியமாக ஏற்று, கூலியை அறுவடையில் பிடித்துக்கொள்ளுதல் மூன்று. சேமிப்பு நிதியில் ஒரு பங்கை மழைக்காலம் முடியும்வரை ஒதுக்கிவைத்தல் நான்கு. இவற்றை எதிர்ப்பவர்களும் தங்கள் காரணங்களை எழுந்து சொல்லட்டும். கேட்டுத் தெளிவதற்காகவே சபை கூடுகிறது. பாகூர்ப் பக்கத்து அன்பர் தம் ஊர்ச் சங்கத்தில் மூன்றாவதைத் தாமே முன்மொழிவதாக வகுப்பு முடிந்தபின் நம்மிடம் கூறிச் சென்றார். வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும்.